சேனைக்குப் புல் போட்ட செலவு

மாதுங்கா,
3-10-1945

அன்புள்ள அண்ணாவுக்கு, ஷ்யாமளா நமஸ்காரம் பண்ணி எழுதிக்கொண்டது. ஒரே ஒரு நமஸ்காரம்தான். தரை ஈரம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீ சௌக்கியமா என்பது இதைப் படித்து முடித்த பிறகு தெரியும்.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தபால்காரர் நம் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கையில் உன் பெயருக்கு ஒரு நீளமான காக்கிக் கவர். கோட்டைப் பகுதியில் இருக்கிற உங்கள் கப்பற்படைக் கணக்கு ஆபீஸ் முத்திரை. அப்பா ரயில்வே ஆபீஸிலிருந்து வர முக்கால் மணி நேரம் இருந்தது. உன் பெயருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அப்பா ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, உட்கார்ந்து, முழுசாக உரக்கப் படித்து, துளை போட்டு ஃபைலில் கோப்பார். உனக்கு அம்மை குத்தின சீட்டுகூட அதில் இருக்கிறது. ஆனால் இந்தக் கவரின் ஓரம் மட்டும் ஏனோ பசை விட்டிருந்தது. பம்பாய் மழைக்கு நான் பொறுப்பில்லை.

உள்ளே இருந்ததைத் தமிழில் சொல்கிறேன். ஜூலை மாதம் கப்பல் வேலைக்காக உன் சொந்தக் கையிலிருந்து செலவழித்த நூற்றெண்பத்தேழு ரூபாய் எட்டணாவைத் திருப்பித் தரும்படி கேட்டிருக்கிறாய். படகு வாடகை, அரிசி, பருப்பு, விறகு, எதற்கும் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஏழாவது வரி: சேனைக்கிழங்கு, உருப்படி இரண்டு, ஒன்று ரூ. 24. எட்டாவது வரி: மேற்படிக்கு இரண்டு நாள் புல், ரூ. 1-4-0. "இவ்விரு வரிகளையும் அதிகாரி நவம்பர் 30க்குள் விளக்க வேண்டும்" என்று கேட்டிருக்கிறார்கள்.

அண்ணா, நான் மொட்டைமாடிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். கப்பற்படையில் இருந்துகொண்டு சேனை திரட்டியிருக்கிறாய், சரி. அதற்குப் புல்லும் போட்டிருக்கிறாயே. சேனை எந்தப் பக்கத்தால் தின்றது? கொம்பு உண்டா? கூப்பிட்டால் வருமா?

கவர் என் பூகோளப் புத்தகத்தில், இந்து மகா சமுத்திரம் இருக்கிற பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. வாடகை வாரத்துக்கு ஒரு சாக்லேட்.

உன் அருமைத் தங்கை,
ஷ்யாமளா


கொச்சி,
8-10-1945

சிரஞ்சீவி ஷ்யாமுவுக்கு ஆசீர்வாதம்.

மற்றவர்கள் கடிதத்தைப் பிரிப்பது குற்றம் என்று எழுத ஆரம்பித்தேன். பிறகு அந்தக் கவரை அப்பா பிரித்திருந்தால் என்று யோசித்தேன். சாக்லேட் இரண்டு அனுப்புகிறேன்.

என் மானம் உன் பூகோளப் புத்தகத்தில் இருப்பதால் முழுவதும் சொல்கிறேன். இப்போது சென்ஸார் கத்திரியும் இல்லை. கடலில் கண்ணிவெடி தேடுகிற சின்னக் கப்பல் என் பொறுப்பில் இருந்தது உனக்குத் தெரியும். ஜூலையில் கீழக்கரைப் பக்கம் எஞ்சின் நின்றுவிட்டது. வயர்லெஸ் பாட்டரியில் தண்ணீர். பத்தொன்பது மாலுமிகள், பஞ்சாபியிலிருந்து ரத்னகிரிக்காரன் வரை. நாகூர் மீரான் என்கிற படகுச் சொந்தக்காரர் எங்களை இழுத்துக் கரை சேர்த்தார். உதவிக் கப்பல் வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அத்தனை பேர் வயிற்றுக்கும் நான்தான் பதில்.

என் கையில் எழுபத்தைந்து ரூபாய் இருந்தது. மீதி நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் எட்டணாவுக்கு மீரான் கடன் கொடுத்தார். ஈடு கேட்கவில்லை. நான்தான் அப்பா கொடுத்த கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் திணித்தேன். சம்பளத்தில் பாதி வீட்டுக்கு, மீதி மெஸ்ஸுக்கு. வீட்டுக்கு ஒரு ரூபாய் குறைந்தால் அப்பா காரணம் கேட்பார். அதனால் இந்தப் பணம் வந்தால்தான் அவர் கடன் தீரும், கடிகாரமும் வரும். டிசம்பர் முப்பத்தொன்றோடு என்னை வேலையிலிருந்து விடுவிக்கிறார்கள். வெறுங்கையோடு, நிஜமாகவே வெறுங்கையோடு, வீட்டுக்குள் எப்படி நுழைவேன்?

ஏழாவது வரிக்கு வருகிறேன். அவை இரண்டு ஆடுகள். பில்லின் நகல் வீட்டு விலாசத்துக்குப் போகும் என்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய்க் குளியல், அப்பா உரக்கப் படிக்கிறார், அம்மா உள்ளே காய் நறுக்கிக்கொண்டு கேட்கிறாள். என் பேனா "ஆடு" என்று எழுத மறுத்துவிட்டது. பேரைத்தான் மாற்றினேன். எண்ணிக்கையையும் புல்லையும் மாற்றத் தோன்றவில்லை.

நவம்பர் முப்பதுக்குள் விளக்கம் போகாவிட்டால் பில் செல்லாது. உண்மையைச் சொன்னால், அதிகாரி பொய்க் கணக்கு எழுதினான் என்றாகும். யோசிக்கிறேன். நீ வாயைத் திறக்காதே.

அனந்தகிருஷ்ணன்


மாதுங்கா,
14-10-1945

அன்புள்ள சேனாதிபதி அண்ணா,

சாக்லேட் கிடைத்தது. ஒன்று வழியிலேயே உருகிவிட்டது. ஆகவே மறுபடியும் ஒன்று பாக்கி.

கப்பல் ஆடுகிறது, ஆடுகிறது என்று நீ ஜூலையில் எழுதினபோது நான் அலையால் என்று நினைத்தேன்.

நீ யோசித்துக்கொண்டே இரு. நான் காரியத்தை முடித்துவிட்டேன். தாராவியிலிருந்து தலையில் கூடையோடு காய்கறி கொண்டு வருவாரே வெயிலுமுத்து, அவரைப் பிடித்தேன். இரண்டு சேனைக்கு நாற்பத்தெட்டு ரூபாய் என்று ஒரு ரசீது வேண்டும் என்றேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"பாப்பா, ஒங்க அண்ணாச்சிக்கு இந்த வெலைக்கு வித்தவன் யாருன்னு மட்டும் சொல்லு. நான் அவன்கிட்ட வேலைக்குச் சேந்துக்கிடுதேன்" என்றார்.

கடைசியில் ரசீதை நான் எழுதினேன். அவர் கைநாட்டு வைத்தார். கட்டைவிரலில் மை போகவில்லை என்று இன்றைக்கு இரண்டு வெண்டைக்காய் குறைத்துப் போட்டார். ரசீது இதோடு இருக்கிறது. புல்லுக்கு ரசீது வேண்டுமானால் மாதுங்கா ஸ்டேஷன் பக்கம் எருமைத் தொழுவம் இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன்.

ஒரு சந்தேகம். பத்தொன்பது பேரும் சாப்பிட்டார்கள். இருபதாவது ஆள் என்ன சாப்பிட்டார்?

ஷ்யாமளா


கொச்சி,
20-10-1945

ஷ்யாமளா,

ரசீதைக் கிழித்துவிட்டேன்.

நான் ஒரு வரி பொய் எழுதினேன். அதற்கே இரண்டு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை. நீ அதற்கு ஒரு சாட்சியைத் தயார் பண்ணி, பாவம், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதரின் விரலை அதில் அமுக்கியிருக்கிறாய். பிடிபட்டால் நான் வேலையோடு போவேன். அவர் எங்கே போவார் என்று நினைத்தாயா? வெயிலுமுத்துவிடம் போய் மன்னிப்புக் கேள். அவர் சிரமத்துக்கு உரிய காசையும் கொடு.

உன் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை.

அனந்தகிருஷ்ணன்


மாதுங்கா,
26-10-1945

மேன்மை தங்கிய ஸப்-லெப்டினன்ட் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் 20ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. அதில் கண்ட உத்தரவுகள் நிறைவேற்றப்பட்டன. மேற்படி வெயிலுமுத்து, மன்னிப்பு என்றால் என்ன காய் என்று கேட்டார். காசு ஓரணா கொடுக்கப்பட்டது. இனி தங்கள் விஷயங்களில் இந்த ஆபீஸ் தலையிடாது. கவர் இந்து மகா சமுத்திரத்திலேயே இருக்கிறது. தாங்கள் நீந்தி வந்து எடுத்துக்கொள்ளலாம்.

தங்கள் கீழ்ப்படிந்த,
ஷ்யாமளா

(தீபாவளிக்கு அம்மா உனக்கு ஓமப்பொடி அனுப்புகிறாள். அதில் நான் உப்பை மாற்றிப் போடவில்லை. போட நினைத்தேன்.)


மாதுங்கா,
18-11-1945

அண்ணா,

கோபத்தை ஒத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

நேற்று சனிக்கிழமை. அப்பாவுக்கு அரை நாள் ஆபீஸ். நான் வருவதற்குள் அப்பாவும் தபால்காரரும் வாசலில் சந்தித்துவிட்டார்கள். அந்த ஆபீஸிலிருந்து நினைவூட்டல். ஏழாவது, எட்டாவது வரிகளைத் திரும்ப எழுதி, கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள்.

நான் உள்ளே நுழைந்தபோது அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து அதை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தார். உரக்க இல்லை.

"சேனை புல் திங்குமாடி?" என்றார்.

எனக்கு சயன்ஸில் மார்க் குறைவு என்றேன்.

பேப்பர் ஓரத்தில் பென்சிலால் ஏதோ போட்டார். நாற்பத்தெட்டை இரண்டால் வகுத்தார். புல்லை இரண்டு நாளாகப் பிரித்தார். நிமிர்ந்து பார்க்காமல், "ஒண்ணை முதல் நாள் வெட்டியிருக்கா. இன்னொண்ணு ரெண்டு நாள் கட்டிக் கிடந்திருக்கு" என்றார். முப்பது வருஷம் ரயில்வேயில் மற்றவர்கள் பில்லில் ஓட்டை கண்டுபிடித்தவர் அண்ணா அவர். நீ அவரிடமா சேனையைக் காட்டினாய்?

அதற்கப்புறம் என்னால் முடியவில்லை. பூகோளப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். முதல் கவர், உன் கடிதங்கள், எல்லாம். கடிகாரத்தைப் பற்றி நீ எழுதியிருக்கிற இடத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து பால்கனிக்குப் போனார். கீழே டிராம் இரண்டு போயிற்று, மூன்று போயிற்று. என்னைச் சொந்த ஊர் பாலக்காட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நான் மனசுக்குள் பாவாடைகளை மடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

திரும்பி வந்தவர், "பேனா எடு, எழுதுடி" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினதுதான் இதோடு இருக்கிற இங்கிலீஷ் காகிதம். உன் குடும்ப வழக்கத்தை உத்தேசித்து ஏற்பட்ட தயக்கத்தால் பொருளின் பெயர் தவறாகக் குறிக்கப்பட்டது, அவை ஆடுகள், தொகையில் மாற்றமில்லை, தவறுக்கு வருந்துகிறேன் என்று இருக்கிறது. உன் மேலதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு இடம் விட்டிருக்கிறார். அவரிடம் நீயே போய்ச் சொல்ல வேண்டுமாம். நீ தானாகத் திருத்துவதற்குப் பெயர் திருத்தம், அவர்கள் கண்டுபிடித்த பிறகு திருத்துவதற்குப் பெயர் வேறு என்கிறார். கையெழுத்து வாங்கி மறு தபாலில் இங்கேயே திருப்பி அனுப்பு.

முடிந்தது என்று நான் பேனாவை மூடும்போது, "ஆட்டை மறைச்சவன் புல்லை எதுக்குடி எழுதினான்?" என்று கேட்டார்.

"கையை விட்டுப் போன ஒவ்வொரு காலணாவுக்கும் ஒரு வரி இருக்கணும்னு நீங்கதானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேள்" என்றேன்.

அப்பா சிரித்தார் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் மூக்குப்பொடி டப்பாவைத் தேடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். டப்பா கையிலேயே இருந்தது.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், அவளுக்குச் சேனையாகவே இருக்கட்டும் என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை. சமையலறையிலிருந்து குரல் வந்தது. "வாங்கினது வாங்கினான். சாப்பிட்டானான்னு எழுதிக் கேளு."

அது ஆபீஸ் கேட்கவில்லை என்று அப்பா சொன்னார். அம்மா தான் ஆபீஸ் இல்லை என்றாள்.

ஷ்யாமளா


கொச்சி,
23-11-1945

அன்புள்ள ஷ்யாமுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே கமாண்டரிடம் போனேன். முழுக்கதையையும் சொன்னேன். புல்லுக்கு வந்ததும் அவர் ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் துறைமுகத்தைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கிற்று. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காகிதம் இதோடு வருகிறது.

அப்பா சொன்னதாக நீ எழுதியிருப்பதில் பாதியை நம்புகிறேன். அந்தப் பாதியே எனக்குப் போதும். மூன்று மாதத்துக்குப் பிறகு நேற்று வயிறாரச் சாப்பிட்டேன். ஓமப்பொடியும் தீர்ந்தது.

போன தடவை உன்னைக் கடுமையாகத் திட்டிவிட்டேன். திட்டினது சரி. கடுமை அதிகம்.

அம்மாவின் கேள்விக்கு நேரில் வந்து பதில் சொல்கிறேன்.

அனந்தகிருஷ்ணன்


மாதுங்கா,
29-11-1945

அன்புள்ள அண்ணாவுக்கு, இரண்டு நமஸ்காரம். தரை காய்ந்துவிட்டது.

நேற்று எனக்கு வயிற்றுவலி. ஆகவே பள்ளிக்கூடம் போகாமல் அப்பாவோடு கோட்டைக்குப் போனேன். காகிதத்தைத் தபாலில் போட்டால் முப்பதாம் தேதிக்குள் மேஜைக்குப் போகும், கண்ணுக்குப் போகாது என்று அப்பா சொல்லிவிட்டார். கழுத்து மூடின கோட்டும் தலைப்பாகையுமாக லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே போரிபந்தர் ஸ்டேஷன் வரை வந்தார். மடிப்புக் கலையக் கூடாதாம்.

உன் பில்லுக்குச் சிவப்புக் கோடு போட்டவரைப் பார்த்தோம். பிரம்மநாயகம் பிள்ளை, திருநெல்வேலிக்காரர். நெற்றி நிறைய விபூதி. மராட்டி குமாஸ்தாவாக இருந்தால் சேனை என்ன விலையோ என்று விட்டிருப்பார். உன் அதிர்ஷ்டம், பில் போய்ச் சேர்ந்தது கிழங்கு தெரிந்தவர் கையில்.

"எங்க ஊர்ல சேனை மண்ணுக்குள்ளதான் கெடக்கும். மேய்ச்சலுக்குப் போவாதுல்லா. அதான் கேட்டேன்" என்றார்.

அப்பா திருத்தக் காகிதத்தை நீட்டினார். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அந்த விரல் "குடும்ப வழக்கம்" என்கிற இடத்தில் நின்றபோது எனக்கு நிஜமாகவே வயிறு வலித்தது. படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாமி, வாங்காததை வாங்கினதாச் சொல்லி வார பில்லு தெனம் பாக்கேன். வாங்கினதுக்கே வெக்கப்பட்ட பில்லு இதுதான் மொதல்" என்றார்.

நூற்றெண்பத்தாறு ரூபாய் நாலணா பாஸ். பணம் ஒரு வாரத்தில் உன் கைக்கு வரும்.

ஒன்றே காலை மட்டும் வெட்டிவிட்டார். மாட்சிமை தங்கிய மன்னரின் கப்பல் புல் வாங்கலாம் என்று எந்த விதியிலும் இல்லையாம். அப்பா விடவில்லை. ஆடு பாஸ் என்றால், இரண்டாவது நாள் வரை அது உயிரோடு இருந்தாக வேண்டும், உயிரோடு இருக்கப் புல் வேண்டும் என்றார். ஆட்டு விலையோடு சேர்த்துக் காட்டியிருக்கலாம், தனி வரியாகக் காட்டினால் தன் கை கட்டியிருக்கிறது என்றார் அவர். அரை மணி நேரம். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். கடைசியில் அவர் டீ வரவழைத்தார். அப்பா வெளியில் டீ குடித்ததை நான் முதல் தடவை பார்த்தேன். இதையும் அம்மாவிடம் சொல்லக் கூடாது. இப்போது ஒன்றே காலுக்கு மூன்று பக்க அப்பீல் எழுதிக்கொண்டிருக்கிறார். காகிதமும் தபால் தலையுமாக இதுவரை ஒன்றரை ரூபாய் ஆகியிருக்கிறது. கணக்கில் புல் நன்றாகத்தான் முளைக்கிறது.

இனி விளையாட்டு இல்லை. "நேரில் சொல்கிறேன்" என்று நீ எழுதினதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுநாள் உன் வெள்ளித்தட்டைப் புளி போட்டுத் தேய்த்து, மற்ற பாத்திரங்களோடு வைக்காமல் தனியாக அலமாரியில் வைத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்க எனக்கே பயமாக இருக்கிறது. நீ எதைச் சாப்பிட்டிருந்தாலும் நீ என் அண்ணாதான். ஆனால் எழுத்தில் சொல்லிவிடு. நேரில் சொன்னால் அம்மா கையில் கரண்டி இருக்கும்.

ஷ்யாமளா


கீழக்கரை,
15-12-1945

அன்புள்ள ஷ்யாமுவுக்கு,

பணம் வந்தது. லீவு வாங்கிக்கொண்டு இங்கே வந்து மீரானின் கடனைத் தீர்த்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் மடியில் கட்டிக்கொண்டார். கடிகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அது ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மாதமாகத் தினம் காலையில் தொழுகை முடிந்ததும் சாவி கொடுத்திருக்கிறார். நின்றுபோன கடிகாரத்தைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லையாம். நாலு நிமிஷம் முந்துகிறது. நான் சரிப்படுத்தவில்லை.

அம்மாவுக்குப் பதில். முதல் நாள் மாலுமிகள் சாப்பிட்டபோது நான் ஒரு இளநீரோடு படகில் உட்கார்ந்திருந்தேன். மீரானின் மனைவி சபுரா வீட்டுக்குள்ளிருந்து பார்த்திருக்கிறார். மறுநாள் கொல்லையில் தனி அடுப்புப் போட்டு, புதுச் சட்டி வாங்கி, தோட்டத்துச் சேனையைத் தோண்டிப் புளி விட்டு வேகவைத்துச் சோற்றோடு அனுப்பினார். மீதி நாள் முழுவதும் அப்படித்தான். அந்தச் சட்டியில் வேறெதுவும் சமைக்கவில்லை என்று ஒவ்வொரு வேளையும் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவார். கிளம்புகிற அன்று காசை நீட்டினேன். கதவுக்குப் பின்னாலிருந்து, "பசிச்ச புள்ளைக்குப் போட்டதுக்குக் காசு வாங்குற வீடில்லை இது" என்றார்.

ஆகவே நான் சாப்பிட்டது சேனை. பில்லில் வராத ஒரே பொருள் அதுதான்.

இதை அப்போதே எழுதியிருக்கலாமே என்பாய். ஏழாவது வரியில் ஆட்டுக்கு ஒரு பேர் தேடினபோது, முதலில் வந்த பேர் அதுவாக இருந்தது. எழுதி அனுப்பின பிறகுதான் உறைத்தது. அவர் சும்மா கொடுத்த பொருளின் பேரில் நான் நாற்பத்தெட்டு ரூபாய் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆட்டைச் சாப்பிட்டிருந்தால்கூட இவ்வளவு தயங்கியிருக்க மாட்டேன்.

இன்றைக்கும் அதே சட்டி. சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முப்பத்தொன்றாம் தேதி விடுவிப்புக் காகிதம் எல்லாம் முடிந்து ரயில் ஏறுவேன்.

அனந்தகிருஷ்ணன்


மாதுங்கா,
21-12-1945

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை அப்பா, அம்மா இருவரையும் உட்கார வைத்து நான் உரக்கப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை இல்லை, யாரும் குளிக்கவும் இல்லை.

அம்மா எழுந்து போய் அலமாரியைத் திறந்து, உன் தட்டை எடுத்து மற்றத் தட்டுகளுக்கு நடுவே டங்கென்று வைத்தாள். அண்ணா ஆட்டைச் சாப்பிட்டிருந்தால் இந்தத் தட்டை என்ன பண்ணியிருப்பாய் என்று இப்போதுதான் தைரியமாகக் கேட்டேன். "அதே தட்டில்தான் போட்டிருப்பேன். கொஞ்ச நாள் பேசாமல் போட்டிருப்பேன்" என்றாள். இரண்டு வார ரேஷன் சர்க்கரையையும் கொட்டி சபுரா மாமிக்கு மைசூர்பாகு கிளறுகிறாள். காபியில் வெல்லம். நீ வருகிறபோதும் வெல்லம்தான், இப்போதே சொல்லிவிட்டேன்.

அப்பா கேட்டது ஒரே கேள்வி. "அரிச்சுதாமா?"

எழுதவில்லை என்றேன். தலையை ஆட்டினார். புளி விட்டால் அரிக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். அவர் எழுந்து போன பிறகு நான் பார்த்தேன். ஜூலை மாதப் பக்கம், வரவுப் பக்கத்தில், புது மையில் ஒரு வரி. "கீழக்கரை சபுரா அம்மாள், சேனைக்கிழங்கு, எட்டு நாள்." தொகை போடுகிற கட்டத்தில் ஒன்றும் இல்லை. ஒரு கோடுகூடக் கிழிக்கவில்லை. அண்ணா, எனக்கு நினைவு தெரிந்து அப்பா காலியாக விட்ட கட்டம் அது ஒன்றுதான்.

காலியாக இருந்தால் எனக்குக் கை அரிக்கும். அதில் ஒரு சின்ன ஆடு வரைந்திருக்கிறேன். வாயில் புல்.

அப்பா இன்னும் பார்க்கவில்லை. நீ சீக்கிரம் வந்து சேர்.

ஷ்யாமளா